பந்தி யாருக்கு, பில் யாருக்கு?

சியோலுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களின் பயணத் திட்டத்தில், க்யோங்போக் அரண்மனைக்கும் நம்சான் கோபுரத்துக்கும் நடுவே ‘பாரம்பரிய கொரிய விருந்து’ என்று ஒரு வரி தவறாமல் இருக்கிறது. பழைய ஓட்டு வீடு, காகிதம் ஒட்டிய மரக்கதவு, ஹன்போக் என்ற மரபுடை உடுத்திய பணிப்பெண்கள், மேசையின் விளிம்பு வரை நெருக்கியடித்து நிற்கும் முப்பது கிண்ணங்கள். இந்தக் காட்சி ரீல்ஸில் ஓடாத நாளில்லை. போய்வந்தவர்களில் ஒரு சாரார் ஆயுசுக்கும் மறக்காது என்கிறார்கள். இன்னொரு சாரார் படத்தில் இருந்த அழகு வாயில் இல்லை என்று முணுமுணுக்கிறார்கள். ருசி நாக்குக்கு நாக்கு மாறும், அதில் தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அந்த மேசை ஏன் அப்படி இருக்கிறது, ஏன் அத்தனை கிண்ணம், ஏன் அத்தனை விலை, ஏன் பாதிக்கு மேல் மிச்சமாகித் திரும்பிப் போகிறது என்பதற்கெல்லாம் ஒரு காரணம் இருக்கிறது. இந்த வகை உணவகங்களை வளர்த்துவிட்டவர்கள் பெரும்பாலும் அங்கே பசித்து வந்து உண்டவர்கள் அல்லர். இன்னொருவரை உண்ணவைத்துக் காரியம் சாதிக்க வந்தவர்கள். அதனால் கொரியாவில் ஓர் உணவகத்தின் புகழை எடைபோட, அது எத்தனை வருஷப் பழசு, எத்தனை வகை வைப்பார்கள் என்று விசாரிப்பதைவிட, அங்கே யார் யாருக்காக பில் கட்டுகிறார்கள் என்று பார்ப்பதுதான் உருப்படியான வழி.

ஹான்ஜோங்சிக் என்று இன்று விற்கப்படும் முழு விருந்தின் உணவகக் கதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது. ஜோசோன் அரச வம்சம் சாய்ந்துகொண்டிருந்த காலம். அரண்மனை விருந்துத் துறையில் அதிகாரியாக இருந்த ஆன் சுன்-ஹ்வான் சியோலில் மியோங்வோல்க்வான் என்ற உணவு மாளிகையை நடத்தினார். அரண்மனைச் சமையல் கைமணம், கீசேங் கலைஞர்களின் பாட்டும் ஆட்டமும், மதுவகைகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் காசுக்குக் கிடைத்தன. வந்தவர்கள் உயரதிகாரிகள், செல்வந்தர்கள், பத்திரிகைக்காரர்கள், ஜப்பானிய ஆட்சியாளர்கள். 1919 மார்ச் 1 அன்று 33 பேர் கையெழுத்திட்ட கொரிய விடுதலைப் பிரகடனம் வாசிக்கப்பட்ட தேஹ்வாக்வான், இந்த மாளிகையின் கிளைதான். ஒரு தேசத்தின் தலைவர்கள் கூடிப் பேச இடம் தேடினால் அப்படிப்பட்ட உணவகம்தான் கைக்கு அகப்பட்டது. அங்கே சாப்பாடு பேச்சுக்குப் பின்னணி. பேசுகிறவர் கை நீட்டுகிற இடமெல்லாம் ஏதோ ஒரு பதார்த்தம் இருக்க வேண்டும்; எது என்பது அவ்வளவு முக்கியமில்லை.

நாடு விடுதலை பெற்று, போர் முடிந்து, ராணுவ ஆட்சி வந்த பிறகும் இந்த அமைப்பு மாறவில்லை, இன்னும் தடித்தது. 1960-களிலும் 70-களிலும் யோஜோங் என்ற பெயரில் இயங்கிய மூடிய விருந்து மாளிகைகளில்தான் அமைச்சர்களும் தொழிலதிபர்களும் சந்தித்தார்கள். எந்த ஒப்பந்தம் யாருக்கு என்பது சபையில் முடிவாகும் முன்பே அங்கே முடிவாகிவிடும் என்பது சியோல்வாசிகளின் பேச்சு. அந்த மாளிகைகளில் மிகப் பெயர்பெற்ற ஒன்றான தேவோன்காக்கை அதன் உரிமையாளர் ஒரு பௌத்தத் துறவிக்குத் தானமாகக் கொடுத்துவிட, 1997-ல் அது கில்சாங்சா என்ற கோயிலாயிற்று. எல்லா மாளிகைக்கும் அந்தப் புண்ணியம் வாய்க்கவில்லை. மற்றவற்றில் பல மெல்ல ஹான்ஜோங்சிக் உணவகங்களாக உருமாறின. தனித்தனி அறைகள், சாத்திய கதவுகள், ஆளுக்கு இவ்வளவு என்ற நிலையான விலை, வரிசையாக வந்துகொண்டே இருக்கும் கிண்ணங்கள் என்று பழைய ஏற்பாட்டின் எலும்புக்கூடு அப்படியே நின்றது.

அந்த எலும்புக்கூட்டுக்கு உயிர் கொடுத்தது யாருடைய பணம் என்பது 2016-ல் வெட்டவெளிச்சமாயிற்று. உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த கிம் யோங்-ரான், ஊழல் தடுப்பு ஆணையத்தின் தலைவராக இருந்தபோது முன்வைத்த சட்டம் அந்த ஆண்டு செப்டம்பர் 28-ல் நடைமுறைக்கு வந்தது. அரசு ஊழியர், ஆசிரியர், பத்திரிகையாளர் ஆகியோருக்கு யாரும் 30,000 வொன்னுக்கு மேல் சாப்பாடு வாங்கித் தரக்கூடாது என்றது அது. நம் கணக்கில் சுமார் 1,800 ரூபாய். சமையல் முறையையோ அரிசி விலையையோ அந்தச் சட்டம் தொடவே இல்லை. ஓசியில் சாப்பிடுவதற்கு ஒரு வரம்பு போட்டது, அவ்வளவுதான். ஆனால் அரசு அலுவலகங்கள் நெருங்கிய ஜோங்னோ பகுதியில் ஆட்டம் கண்டவை ஹான்ஜோங்சிக் உணவகங்கள். அறுபது ஆண்டு பெயரெடுத்த ஒன்று, சட்டம் வருகிறது என்ற சேதியிலேயே கடையைக் கட்டி, அந்த இடம் வியட்நாம் நூடுல்ஸ் கடையாயிற்று. தாக்குப்பிடித்தவை 29,000 சொச்சம் வொன்னுக்கு அந்தச் சட்டத்தின் பெயராலேயே அழைக்கப்பட்ட புதுத் தொகுப்புகளைப் போட்டன. தன் கையிலிருந்து காசு போட்டுச் சாப்பிடுகிறவர்களால் நடந்த கடை என்றால் இந்தச் சட்டத்தால் அதற்கு ஒரு கீறலும் விழுந்திருக்காது. பக்கத்துச் சந்துகளில் எலும்புச் சூப்பு விற்ற கடைகளுக்கு விழவில்லை. 2024 ஆகஸ்டில் வரம்பு 50,000 வொன்னாக உயர்த்தப்பட்டபோது, உணவகத் தொழிலின் நலனும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். உணவகம் நேற்று வந்ததாக இருக்கலாம், உணவு அரண்மனையிலிருந்து வந்ததுதானே? ஆமாம், ஓரளவுக்கு. ஜோசோன் அரண்மனைச் சமையலறையில் கடைசித் தலைமுறைப் பணிப்பெண்ணாக இருந்த ஹான் ஹுய்-சுன்னிடம் பல்லாண்டு கற்று எழுதிவைத்த ஹ்வாங் ஹ்யே-சோங் இல்லையென்றால் அந்தக் கலை காற்றோடு போயிருக்கும். 1971-ல் அது தேசிய மரபுச் செல்வமாக அறிவிக்கப்பட்டதற்கும் அவர் உழைப்புத்தான் காரணம். 2003-ல் தொடங்கிய ‘தே ஜாங் கும்’ தொலைக்காட்சித் தொடர் அந்தச் சமையலை ஆசியா முழுக்க வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. அரச விருந்து என்று பலகை தொங்கும் உணவகங்களுக்குக் கிராக்கி ஏறியதும் அதன் பிறகுதான். ஆனால் அரசன் தினம் பன்னிரண்டு வகைக் கறியோடு உண்டான் என்று இந்த உணவகங்கள் சொல்லும் கதையை எழுத்துச் சான்றோடு வைத்துப் பார்த்தால் அது நிற்பதில்லை. 1795-ல் ஜோங்ஜோ அரசர் தன் தாய் ஹ்யேக்யோங் அம்மையாரின் அறுபதாண்டு நிறைவைக் கொண்டாட, பரிவாரத்தோடு ஹ்வாசோங்குக்கு, அதாவது இன்றைய சுவோன் நகருக்கு, எட்டு நாள் பயணம் போனார். நம் மணிவிழாவைப் போலவே அங்கும் அறுபதாண்டுச் சுழற்சி முடிவது பெரிய விசேஷம். அந்தப் பயணத்தில் எந்த வேளைக்கு யார் முன் என்னென்ன வைக்கப்பட்டன என்று கிண்ணம் கிண்ணமாகக் குறித்த அரச ஆவணம் இன்றும் இருக்கிறது. அதில் தாயின் மேசையில் வகைகள் கூடுதல். அரசரின் மேசையில் ஏழு கிண்ணம். சோறும் சூப்பும் கிம்ச்சியும் சேர்த்தே ஏழு. குடும்பத்தோடு பயணம் போன ஒரு கொரிய அரசர் என்ன சாப்பிட்டார் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சியம் கிடையாது. இன்றைய சுற்றுலா விருந்தில் அதைப்போல நான்கைந்து மடங்கு மேசையில் இருக்கிறது. அரண்மனை விழாக்களில் உணவைக் கோபுரமாக அடுக்கும் வழக்கம் இருந்தது உண்மை. அது சடங்கு. வயிற்றுக்காக வைத்ததில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் அது போலி மரபு என்று தீர்ப்பெழுதிவிட வேண்டாம். புதியது என்பதால் ஒன்று பொய்யாகிவிடாது. கொரிய உணவில் நாம் பழமை என்று நம்பும் பலவும் நம் தாத்தா காலத்துப் புதுமைதான். உயர்குடி ஆண்கள் ஆளுக்கொரு சிறு கால்மேசையில் தனித்தனியே உண்ட நாடு அது. குடும்பம் மொத்தமும் ஒரே மேசையைச் சுற்றி அமர்வது இருபதாம் நூற்றாண்டின் பழக்கம். எந்தக் கொரிய உணவகத்திலும் சோறு வரும் அந்த மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியை மிச்சப்படுத்த 1976-ல் சியோல் மாநகர நிர்வாகம் உணவகங்களுக்கு அளவு போட்டுக் கொடுத்தது: உள் விட்டம் 10.5 சென்டிமீட்டர், உயரம் 6 சென்டிமீட்டர். ஐந்தில் நான்கு பங்குதான் நிரப்ப வேண்டும் என்றும் உத்தரவு. சிக்கன நடவடிக்கையாக வந்த கிண்ணம் இன்று ஊறுகாய் ஜாடி மாதிரி வீட்டுச் சொத்தாகிவிட்டது. சம்கெதாங் என்ற கோழி ஜின்செங் சூப்பும் அப்படியே. குளிர்பதன வசதி பரவி, காயவைக்காத ஜின்செங் வேர் ஊரெங்கும் கிடைக்கத் தொடங்கிய 1960-களுக்குப் பிறகுதான் அது இன்றைய வடிவில் உணவகப் பண்டமாகப் பரவியது. இன்றோ ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை வரும் மூன்று உச்ச வெயில் நாள்களில் நாடே அதைத்தான் குடிக்கிறது. ஆகவே என் வழக்கு வயதைப் பற்றியது இல்லை. சம்கெதாங்கை வளர்த்தவர்கள் அதைக் குடித்து, காசு கொடுத்து, அடுத்த வருஷம் மறுபடி வந்தவர்கள். அந்தத் தேர்வுக்கு முப்பது கிண்ண மேசை ஒருபோதும் உட்படுத்தப்பட்டதில்லை என்பதே என் குறை.

அதிகாரிகளின் விருந்துப் பணம் வற்றத் தொடங்கும் முன்பே வேறொரு பணம் வரத் தொடங்கியிருந்தது. விளம்பரம். 2011-ல் ஜோன்ஜு சர்வதேசத் திரைப்பட விழாவில் கிம் ஜே-ஹ்வான் இயக்கிய ‘ட்ரூ டேஸ்ட் ஷோ’ என்ற ஆவணப்படம் காட்டப்பட்டது. படக்குழு தாமே ஓர் உணவகம் தொடங்கி, ரகசியக் கேமராக்களைப் பொருத்தி, தரகர்களுக்குப் பணம் கொடுத்துத் தொலைக்காட்சியின் ‘ருசியான கடைகள்’ நிகழ்ச்சியில் இடம்பிடித்த கதை அது. யாரும் எந்நாளும் விற்காத பண்டங்களைக் கேமராவுக்காகத் தரகர்களே கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். பன்றி வயிற்றிறைச்சியின் மேல் மீன்முட்டை வைத்த ஒன்று அதில் சிகரம். ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடிச் சொக்கிப்போகும் வாடிக்கையாளர்களும் வரவழைக்கப்பட்டவர்கள்தான். அந்தப் படத்தைத் திரையிடாமல் தடுக்க நீதிமன்றம் வரை போனார்கள், பலிக்கவில்லை. அதன் பிறகும் ‘தொலைக்காட்சியில் வந்த கடை’ என்ற பதாகைகள் குறைந்தபாடில்லை. எரிச்சலில் ‘தொலைக்காட்சியில் வராத கடை’ என்று பலகை மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. 2020-ல் இதே நாடகம் யூடியூபில் அம்பலமாகி, காசு வாங்கிக்கொண்டு சொந்தக் காசில் தின்றதாக நடித்த பிரபலங்கள் வரிசையாக மன்னிப்புக் கேட்டார்கள். அந்தச் செப்டம்பர் முதல் விளம்பரம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று விதி வந்தது. அரசும் சும்மா இருக்கவில்லை. லீ ம்யோங்-பாக் அதிபராக இருந்தபோது கொரிய உணவை உலகின் முன்னணி ஐந்து சமையல்களில் ஒன்றாக்குவோம் என்று தொடங்கிய பிரசாரத்துக்கு அதிபரின் மனைவியே முகமாக இருந்தார். 2010-ல் அதற்கென்று ஓர் அறக்கட்டளையும் பிறந்தது. மிஷலின் வழிகாட்டி 2016 நவம்பரில் சியோலுக்கு முதல் பதிப்பைக் கொண்டுவந்தபோது அரசின் சுற்றுலா நிறுவனம் கொடுத்த நிதி நாடாளுமன்றத்தில் கேள்வியாயிற்று. அந்த முதல் பதிப்பில் மூன்று நட்சத்திரம் பெற்றவை இரண்டு: ஷில்லா ஹோட்டலின் லா யோன், க்வாங்ஜுயோ என்ற பீங்கான் நிறுவனம் நடத்திய கவோன். ஒன்றின் பின்னால் நட்சத்திர ஹோட்டல், இன்னொன்றின் பின்னால் பீங்கான் நிறுவனம். கவோன் 2023 தொடக்கத்தில் கதவைச் சாத்தியது. சமையலில் குறை சொல்ல இடமில்லாத கடை. ஆனாலும் சாப்பிட வருகிறவர்களின் பணத்தில் மட்டும் நடக்கக்கூடிய கடையாக அது ஒருநாளும் இருந்ததில்லை என்றே எனக்குப் படுகிறது.

இதற்கு நேரெதிர் முனையில் இருப்பவை ஒரே ஒரு பண்டத்தை வைத்துக் காலம் தள்ளும் பழைய கடைகள். 1904-ல் தொடங்கியதாகச் சொல்லும் இமுன் எலும்புச் சூப்புக் கடை, 1939-லிருந்து மாட்டிறைச்சிச் சூப்பு விற்கும் ஹாதோங்க்வான், 1946-ல் வடக்கிலிருந்து வந்தவர்களின் குளிர் நூடுல்ஸை விற்கத் தொடங்கிய வூ ரே ஓக், 1966-லிருந்து கத்தியால் அரிந்த நூடுல்ஸுக்குப் பெயர்போன மியோங்தோங் க்யோஜா. ஹாதோங்க்வானில் நுழைந்ததும் முதலில் காசு கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். பித்தளைக் கிண்ணத்தில், கண்ணாடி போலத் தெளிந்த சூப்புக்குள் சோறு ஏற்கெனவே மூழ்கி, மேலே மெல்லிய இறைச்சித் துண்டுகள் மிதந்து வரும். உப்பும் நறுக்கிய வெங்காயத்தாளும் நம் கையால் போட்டுக்கொள்வது. முள்ளங்கிக் கிம்ச்சியின் புளித்த சாற்றைக் கேட்டால், தேநீர் ஊற்றுவது போல ஒரு கெட்டிலில் கொண்டுவந்து சூப்பிலேயே ஊற்றிவிட்டுப் போவார்கள். தெளிந்த சூப்பு இளஞ்சிவப்பாகும், கொழுப்பின் கனம் சட்டென்று இறங்கும். மேசையில் தொட்டுக்கொள்ளக் கிம்ச்சியைத் தவிர வேறொன்றும் இல்லை. அண்டா காலியானால் சாயங்காலத்துக்கு முன்பே கடையைச் சாத்திவிடுவார்கள். இந்த ஏற்பாட்டில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. சூப்பு இன்று நீர்த்துப்போனால், நேற்று வந்த அதே கிழவர் முதல் கரண்டியிலேயே கண்டுபிடிப்பார், நாளைக்கு வரமாட்டார். முப்பது கிண்ணங்களில் எட்டு சொதப்பினாலும் இருபத்திரண்டின் மறைவில் அது தப்பிவிடும். டாக்சி ஓட்டுநர்களுக்கென்றே ஊரெங்கும் இருக்கும் சாப்பாட்டுக் கடைகளும் பேக்பான் என்ற அன்றாடச் சோற்றுக் கடைகளும் இதே ரகம்தான். சோறு, ஒரு சூப்பு, நான்கைந்து தொட்டுக்கை, பத்தாயிரம் வொன்னை ஒட்டிய விலை. தினம் வெளியே சாப்பிட வேண்டிய ஓட்டுநர் தன் சம்பாத்தியத்திலிருந்து கொடுக்கும் காசைவிடக் கறாரான விமர்சகர் யாரும் இல்லை.

இப்போது என் வாதத்துக்கே வலிக்கிற ஒரு கேள்வி. சுற்றுலாப் பயணியும் சொந்தக் காசில்தானே சாப்பிடுகிறான்? அவன் நிற்கும் வரிசையை மட்டும் ஏன் நம்பக்கூடாது? க்வாங்ஜாங் சந்தை இதற்குப் பதில் சொல்கிறது. நெட்ஃபிளிக்ஸ் ஆவணத் தொடரில் 2019-ல் இடம்பெற்ற பிறகு அந்தச் சந்தைக்கு வெளிநாட்டுக் கூட்டம் பெருகியது. 2023 நவம்பரில் அங்கே 15,000 வொன்னுக்கு ஒரு கை அளவுக்குப் பொரித்த பண்டத் தட்டை நீட்டி, போதாது இன்னும் வாங்கு என்று வற்புறுத்தும் காணொளி வெளியாகி நாடே கொதித்தது. பிறகு எடையளவை எழுதிவைக்க வேண்டும் என்று மாநகர நிர்வாகம் தலையிட்டது. அங்கே சாப்பிட்டவரும் காசு கொடுத்தவரும் ஒருவர்தான், ஆனால் அவர் ஒரு தடவை வருகிறவர். திரும்ப வரப்போவதில்லை என்று இரு தரப்புக்கும் தெரிந்த இடத்தில் ருசிக்கு யாரும் காவல் இல்லை. ஆகவே வரிசையின் நீளத்தைப் பார்க்காமல், வேலைநாள் மத்தியானம் பதினொன்றரைக்கு அதில் கழுத்தில் அலுவலக அட்டையோடு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பாருங்கள். அரண்மனைக்குப் பக்கத்தில், ஓட்டு வீட்டில் 1983-லிருந்து நடக்கும் தோசோக்சோன் சம்கெதாங் கடை இதில் நடுவாந்தரம். மறைந்த அதிபர் ரோ மூ-ஹ்யுன் விரும்பி வந்த கடை என்ற புகழ் ஒரு பக்கம், வாடகை ஹன்போக்கில் வந்து நிற்கும் வெளிநாட்டுக் கூட்டம் இன்னொரு பக்கம். ஒரு கிண்ணம் இருபதாயிரம் வொன் அளவில், ஏறத்தாழ 1,200 ரூபாய். கொதிக்கக் கொதிக்க மண்சட்டியில் வரும் முழுக் கோழிக்குஞ்சை இரண்டாகப் பிளந்தால் உள்ளிருந்து பசையரிசி சரிந்து சூப்போடு கலக்கும். அதன் சூப்பு மற்றக் கடைகளைவிடக் கெட்டி. அது உலகத்தின் எட்டாவது அதிசயமும் இல்லை, ஏமாற்று வேலையும் இல்லை. நாள் முழுக்க அதே கோழியை வேகவைக்கிற சமையலறையில் தரம் சரிய நேரம் பிடிக்கும். கோடை வெயில் நாள்களில் உள்ளூர்க்காரர்கள் இன்னும் அங்கே வரிசை கட்டுகிறார்கள். ஒரு மணி நேரம் பிள்ளைகளை வெயிலில் நிறுத்திவைக்கத் தகுமா என்றால், தகாது. காலை பத்தரைக்குப் போனால் அந்தக் கேள்வியே எழாது.

கொரியக் குடும்பங்களும் ஹான்ஜோங்சிக்குக்குப் போகத்தானே செய்கின்றன என்று கேட்கலாம். போகிறார்கள். தாத்தாவின் எழுபதாம் பிறந்தநாளுக்கு, முக்கியமாகக் கல்யாணத்துக்கு முன் இரு வீட்டாரும் முதன்முறை சந்திக்கும் நாளுக்கு. அன்று சம்பந்திகளுக்கு எதிரே யாரும் எலும்பைக் கையிலெடுத்துக் கடிக்க முடியாது. நாசூக்காக எடுத்து நாசூக்காக மெல்லும்படியான சின்னச் சின்னப் பதார்த்தங்கள், சாத்திய கதவு, பேச்சு அறுந்தால் உள்ளே நுழைந்து காப்பாற்றும் அடுத்த தட்டு என்று எல்லாமே அந்த நாளுக்காகவே அளவெடுத்துத் தைத்தது. விருந்தாளியைக் கௌரவிப்பதே நோக்கம் என்றால் அந்த மேசைக்கு மிஞ்சியது கிடையாது. தென்மேற்கே ஜோல்லா மாகாணத்தில், ஜோன்ஜு, காங்ஜின் போன்ற ஊர்களில், நெல்லும் கடலும் ஒருசேர வாய்த்த மண்ணில், அடுக்கிய மேசையை இரண்டு பேர் அப்படியே தூக்கிவந்து வைக்கும் வழக்கத்தில் உண்மையான பெருமிதம் இருக்கிறது. அங்கே விலையும் தலைநகரைவிடத் தணிவு, சந்தைக்கும் சமையலறைக்கும் தூரமும் குறைவு. அந்த மேசையில் புளித்து மூத்த மீன் ஊறல்களைக் கண்டு பயணிகளின் பிள்ளைகள் மூக்கைப் பொத்தும், அது வேறு விஷயம். ஆனால் பசியோடு, களைப்போடு, ஷாப்பிங் பைகளோடு வந்து சேரும் ஒரு பயணக் குடும்பம் யாரையும் கௌரவிக்க வரவில்லை. தங்கள் செலவில் தங்களுக்கே உபசாரம் செய்துகொள்ள, ஆளுக்கு ஐம்பதாயிரம் வொன்னும் அதற்கு மேலும் கொடுக்கிறார்கள். நான்கு பேருக்குக் கணக்குப் போட்டால் பன்னிரண்டாயிரம் ரூபாயைத் தொடும். பல இடங்களில் எல்லோரும் ஒரே தொகுப்பைத்தான் வாங்க வேண்டும் என்பதால், நூடுல்ஸ் மட்டும் போதும் என்று அழும் எட்டு வயதுக்கும் அதே விலை.

குடும்பம் என்றால் எல்லோர் வாயும் ஒன்றா, பல வகை இருந்தால் ஆளுக்கொன்று தேறுமே என்பது இருப்பதிலேயே வலுவான ஆட்சேபம். அதை லேசாகத் தள்ள முடியாது. பழைய கடைகள் சௌகரியம் பார்த்துக் கட்டியவை அல்ல. சிலவற்றில் தரையில்தான் உட்கார வேண்டும், முட்டிவலிக்காரர்களுக்கு அது தண்டனை. சாப்பிட்டதும் எழுந்துவிட வேண்டும் என்ற மௌன நெருக்கடி வேறு. மத்தியானம் மூன்று மணியிலிருந்து ஐந்து வரை அடுப்பை அணைத்துவிடும் கடைகள் ஏராளம், தாமதமாகக் கிளம்பும் குடும்பங்கள் அதில்தான் மாட்டிக்கொள்ளும். வரிசைக்கான செயலிகள் பல உள்ளூர்ச் செல்பேசி எண் கேட்கும். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் பிள்ளைகள் விஷயத்தில் கணக்கு நேர்மாறாகத்தான் இருக்கிறது. காரம் தாங்காத குழந்தைக்கு எலும்புச் சூப்பு, மாட்டிறைச்சிச் சூப்பு, சம்கெதாங், கத்தி நூடுல்ஸ் நான்கிலும் மிளகாய் வாடையே கிடையாது. மியோங்தோங் க்யோஜாவின் பூண்டுக் கிம்ச்சி பெரியவர்களுக்கே கண்ணில் நீர் வரவழைக்கும், அதை ஒதுக்கிவைத்தால் மிச்சம் குழந்தைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடும் நூடுல்ஸ். முப்பது கிண்ண மேசையில்தான் எது காரம், எதில் இறால், எதில் மீன் என்று கண்டுபிடிக்கவே நேரம் போய்விடும்.

சைவக் குடும்பங்களுக்கு மட்டும் இந்த வாதம் பொருந்தாது என்பதைச் சொல்லியாக வேண்டும். மேலே பட்டியலிட்ட பழைய கடைகளில் அவர்களுக்கு ஒரு பருக்கையும் இல்லை. பிபிம்பாப் இருக்கிறதே என்று நினைத்தால், ஜோன்ஜு பாணியில் சோற்றையே மாட்டெலும்புச் சாற்றில் வேகவைப்பார்கள். மேலே போடும் மிளகாய் விழுதில் அரைத்த இறைச்சி கலந்திருக்கலாம். கிம்ச்சியில் உப்பிட்ட இறாலோ நெத்திலிச் சாறோ அநேகமாக உண்டு. வெறும் சோயா விழுதுச் சூப்பின் அடியிலும் நெத்திலி கொதித்திருக்கும். அவர்களுக்குக் கொரிய மரபில் மனநிம்மதியோடு உண்ண வழி ஒன்றுதான், கோயில் உணவு. பெக்யாங்சா கோயிலைச் சேர்ந்த துறவி ஜோங் குவான் 2017-ல் வேறொரு நெட்ஃபிளிக்ஸ் தொடரில் வந்த பிறகு இதற்கும் மிகைப்புகழ் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் இதன் சமையலறைக்கு நூற்றாண்டுகளாக அன்றாட வாடிக்கையாளர்கள் இருந்திருக்கிறார்கள், துறவிகள். இறைச்சி, மீன் மட்டுமின்றி ஐந்து காட்டமான பொருள்களுக்கும் அதில் விலக்கு உண்டு. பூண்டு, வெங்காயத்தாள் வகைகளோடு ஐந்தாவதாக மரபுப் பட்டியலில் நிற்பது நம் பெருங்காயம். கொரியாவில் விளையாத பொருள். இந்தியாவிலிருந்து நூல்கள் வழியே போன விதி அப்படியே தங்கிவிட்டது. சியோலில் ஜோக்யே பௌத்த அமைப்பே நடத்தும் பாலு கோங்யாங் உணவகம் மிஷலினின் முதல் மூன்று பதிப்புகளிலும் ஒரு நட்சத்திரம் பெற்றது. அதுவும் விருந்தினருக்கென்று அமைத்ததுதான், விலையும் மலிவில்லை, பிள்ளைகளுக்குச் சப்பென்றிருக்கும். என் அளவுகோலில் அது பாதிதான் தேறும், இருந்தும் சைவம் உண்ணும் பாட்டிக்காக அந்தச் செலவைச் செய்யலாம். அது இருப்பது ஜோக்யே-சா கோயிலுக்கு எதிர்ப்புறம். அங்கிருந்து பத்து நிமிட நடைக்குள் இமுன் எலும்புச் சூப்புக் கடை. குடும்பமாகப் போனால் ஒரே மேசையில்தான் உட்கார வேண்டும் என்று எந்த ஊர்ச் சட்டத்திலும் இல்லை. பாட்டியும் அம்மாவும் இங்கே, அப்பாவும் பிள்ளைகளும் அங்கே என்று பிரிந்து சாப்பிட்டுவிட்டு, ஒன்றரை மணிக்குக் கோயில் வாசலில் சந்தித்துக்கொள்ளலாம்.